ஒரு மணி நேரத்தையும் பாருங்கள்: பழைய டெரிட்டரி ரெஸ்லிங் விமர்சிக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

எழுபது, எண்பதுகளின் அமெரிக்க வட்டார ரெஸ்லிங்கைத் தேடிப் பார்த்துத் தமிழில் எழுதவும் பேசவும் தொடங்கியிருக்கிறீர்கள். மெம்ஃபிஸ், மிட்-சவுத், டல்லாஸ், போர்ட்லேண்ட் என்ற பெயர்கள் நம் பேச்சில் அடிபடுவது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்த உரிமையில்தான் ஒரு குறையையும் சொல்கிறோம். தனி மேட்ச்சாக நறுக்கிய வீடியோவை எடுத்துக்கொண்டு, "மூன்று நிமிஷம், ஒன்றும் இல்லை, அரை ஸ்டார்" என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். அந்த மூன்று நிமிஷத்தை எதற்காக எடுத்தார்கள் என்று கேட்பதே இல்லை. மேட்ச்சை மட்டும் எடை போடாமல், அது இடம்பெற்ற அந்த ஒரு மணி நேரத்தை முழுசாகப் பார்த்து எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அன்று டெரிட்டரி என்ற ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு புரமோட்டர், அதாவது நிகழ்ச்சி நடத்தும் முதலாளி. 1948-இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூவில் உருவான என்.டபிள்யூ.ஏ. (நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ்) கூட்டமைப்பில் சேர்ந்தவர்கள் ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கடை போடாமல் தொழில் செய்தார்கள். வருமானம் அரங்கத்து வாசலில் விற்கும் டிக்கெட்டில். டிவி நிகழ்ச்சி அந்த டிக்கெட்டை விற்பதற்கான வழி. இது மனதில் ஏறிவிட்டால், பாதித் தப்பு தானாகவே நின்றுவிடும்.

மெம்ஃபிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977 முதல் டபிள்யூ.எம்.சி. ஐந்தாம் சேனல் ஸ்டூடியோவிலிருந்து சனிக்கிழமை காலை 90 நிமிடம் நேரலை. மேசையில் லான்ஸ் ரசலும், அதே சேனலில் வானிலை சொன்ன டேவ் பிரவுனும். திங்கள் இரவு மெம்ஃபிஸிலேயே மிட்-சவுத் கொலிசியம் என்ற அரங்கத்தில் பெரிய காட்சி. செவ்வாய் லூயிவில், புதன் எவன்ஸ்வில். சனிக்கிழமை பார்க்கும் ஆளைத் திங்கட்கிழமை கொலிசியத்துக்கு வரவைக்க வேண்டும், அதற்கு நடுவில் இருப்பது இரண்டே நாள். அந்த 90 நிமிடத்தில் ஒவ்வொரு துண்டும் இந்தக் கணக்குக்குத்தான் வேலை செய்கிறது. போன திங்களின் கிளிப் ஒன்று ஓடும். அதில் அடிபட்டவன் மைக்கைப் பிடிப்பான். அடித்தவன் வந்து மறுபடி சீண்டுவான். லான்ஸ் ரசல் வரும் திங்களின் பட்டியலை வாசிப்பார். நடுவே வரும் ஸ்குவாஷ் மேட்ச்சை, அதாவது நட்சத்திரம் ஒருவர் பெயர் தெரியாத ஆளைச் சட்டென்று தோற்கடிக்கும் மேட்ச்சைத் தனியாக வெட்டி எடுத்தால், கையில் மிஞ்சுவது சக்கைதான்.

ஸ்குவாஷை விமர்சிக்க ஒரு முறை உண்டு. முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் தடவை ஒரு தாளில் நான்கு பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள்: கடிகாரம், ரிங்குக்குள் நடப்பது, கமென்டரி பேசுவது, கூட்டம். மாதிரிக்கு ஒரு வரி இப்படி இருக்கும்: "2:10, ஹீல் (வில்லன்) கயிற்றில் கால் வைத்துப் பின் (தோளைத் தரையில் அழுத்தும் பிடி) போடுகிறான், ரெஃப்ரி மறுபுறம், கமென்டரி திங்கள் மேட்ச்சைப் பேசுகிறது, முன் வரிசை எழுந்துவிட்டது." நேரத்தை மணி அடித்ததிலிருந்து மணி அடிக்கும் வரை நீங்களே அளந்துகொள்ளுங்கள். அறிவிப்பாளர் வாயால் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள்.

தாள் நிறைந்ததும் சில கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். தோற்பதற்கென்றே வந்த ஜாபருக்கு எத்தனை அடி அடிக்க விட்டார்கள்? நட்சத்திர ஆட்டக்காரர் எங்கே, எதற்காக ஒரு பம்ப் (அடிபட்டு விழுவது) எடுத்தார்? திங்கள் இரவு எதிராளிமேல் போடப்போகும் பிடியை இன்றைக்கே ஜாபர்மேல் போட்டுக் காட்டினாரா? கமென்டரி அந்தப் பிடியைப் பெயர் சொல்லி ஆபத்தானது என்று நிலைநாட்டியதா? இதெல்லாம் சரியாக நடந்திருந்தால், இரண்டு நிமிஷ ஸ்குவாஷ் தன் வேலையை அருமையாகச் செய்திருக்கிறது. ஸ்டார் கணக்கில் அதற்கு அரைதான் வரும். அந்தக் கணக்கைப் பிரபலமாக்கிய டேவ் மெல்ட்ஸரின் பெயரைச் சொல்லி எல்லாவற்றுக்கும் அதையே பூட்டுகிறோம். அரங்கத்தில் நடந்த இருபது நிமிட மேட்ச்சுக்கு அது உதவும், ஸ்டூடியோ ஸ்குவாஷுக்கு உதவாது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதை நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அடுத்தது விதிகள். ஊருக்கு ஊர் விதி வேறு. மெம்ஃபிஸில் பைல்டிரைவர் (எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து இறக்குவது) தடை செய்யப்பட்ட பிடி. 1982 ஏப்ரல் 5 அன்று உள்ளூர் நட்சத்திரம் ஜெரி லாலர், நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மனைத் தலைகீழாகத் தூக்கி இறக்கியபோது, தகுதி நீக்கத்தில் தோற்றது லாலர்தான். இந்த விதி தெரியாதவர் "ஃபினிஷ் சொதப்பல்" என்று எழுதுவார். தெரிந்தவருக்கு விஷயம் வேறு: தோற்றாலும் பரவாயில்லை, இவனை விடமாட்டேன் என்று ஊர் நாயகன் தீர்மானித்த கணம் அது. கூட்டம் போட்ட சத்தமும் அதற்காகத்தான். இதேபோல், என்.டபிள்யூ.ஏ. வழி வந்த பல வட்டாரங்களில் எதிராளியை மேல்கயிற்றுக்கு மேலே தூக்கி வெளியே எறிந்தால் தகுதி நீக்கம். தகுதி நீக்கத்தில் பட்டம் கை மாறாது என்பதும் பொது வழக்கம். போர்ட்லேண்டில் டான் ஓவனின் சனிக்கிழமை நிகழ்ச்சியில் முக்கிய மேட்ச்சுகள் மூன்றுக்கு இரண்டு ஃபால் முறையில் (மூன்று சுற்றில் இரண்டை வென்றவருக்கே மேட்ச்) நடக்கும், இடைவெளியில் விளம்பரம் ஓடும். அங்கே முதல் ஃபால் சட்டென்று முடிந்தால் குறை சொல்லாதீர்கள். மூன்றாவது ஃபாலுக்கு எத்தனை நிமிஷம் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எந்த வட்டாரத்தை எழுதப் போகிறீர்களோ, முதலில் அதன் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபினிஷ் விஷயத்தில் அதிகம் தப்பாக எழுதப்படுவது டல்லாஸின் 1982 கிறிஸ்துமஸ் மேட்ச். ரீயூனியன் அரங்கில் கூண்டுக்குள் உலக சாம்பியன் ரிக் ஃப்ளேரும் உள்ளூர் நாயகன் கெர்ரி வான் எரிக்கும். சிறப்பு ரெஃப்ரி மைக்கேல் ஹேய்ஸ், கதவருகே டெர்ரி கார்டி. கெர்ரிக்கு உதவ ஹேய்ஸ் முன்வருகிறார், கெர்ரி மறுக்கிறார், கடைசியில் கார்டி கூண்டுக் கதவைக் கெர்ரியின் தலையில் அடித்துச் சாத்துகிறார். உலகப் பட்ட மேட்ச்சுக்கு இது சுத்தமான முடிவு அல்ல, உண்மை. ஆனால் அன்றைய வேலை பட்டத்தைத் தீர்ப்பது அல்லவே. வான் எரிக் சகோதரர்களுக்கும், ஹேய்ஸும் கார்டியும் இருந்த ஃப்ரீபேர்ட்ஸ் அணிக்கும் நடுவே வருஷக்கணக்கில் ஓடிய பகை அந்த ஒரு கதவில்தான் பிறந்தது. அடுத்து வந்த வாரங்களின் நிகழ்ச்சிகளைப் பார்க்காமல் அந்தக் கதவுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

மிக நெருக்கமாகப் பார்க்க வேண்டிய துண்டு ஒன்று, 1979 ஜூன் 15 அன்று மிசிசிப்பியின் டூபெலோவில் நடந்தது. லாலரும் பில் டண்டியும் ஒரு பக்கம், வெய்ன் ஃபாரிஸும் லாரி லேதமும் மறுபக்கம். மேட்ச் முடிந்த பிறகும் அடிதடி நிற்காமல் அரங்கின் தின்பண்டக் கடைக்குள் போகிறது. கேமரா பின்னாலேயே போகிறது. கடுகு ஜாடி பறக்கிறது, கையில் கிடைத்ததெல்லாம் ஆயுதமாகிறது. பிடியும் இல்லை, நுணுக்கமும் இல்லை. இதை எப்படி விமர்சிப்பது? லான்ஸ் ரசலின் குரலைக் கேளுங்கள். அவர் விளம்பரம் செய்யவில்லை. தெருவில் நடக்கும் சண்டையைக் கண்டு பதறும் ஒரு பெரியவரின் குரல் அது. வாரா வாரம் நிதானமாகப் பேசிப் பழகிய மனிதர் பதறும்போதுதான் பார்ப்பவர் நம்புகிறார். அந்த நிதானத்தை முந்தைய வாரங்களில் கேட்காதவருக்கு, இந்தப் பதற்றத்தின் மதிப்புத் தெரியாது.

படத்தின் தரத்தால் வரும் பிழைகளுக்குப் போவோம், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்க என்.டி.எஸ்.சி. வீடியோ நொடிக்கு 59.94 ஃபீல்டு, அதாவது அரைப் படம். ஒரு ஃபீல்டில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைப்படைக் கோடுகள். கணினியில் ஏற்றும்போது இரண்டையும் ஒன்றாகக் கலந்து 30 ஃபிரேமாக்கினால் பாதி அசைவு போய்விடும். மெம்ஃபிஸின் உயிர் குத்துதான். லாலர் தோள் வாரை இறக்கிவிட்டுக் குத்த ஆரம்பித்தால், முஷ்டி தாடையைத் தொடும் கணம் ஓரிரு ஃபீல்டுக்குள் முடிந்துவிடும். கலந்த படத்தில் அந்தக் கணம் இரண்டு மங்கல் கைகளாகத் தெரியும், "குத்து படவே இல்லை" என்று நீங்கள் எழுதுவீர்கள். தப்பு குத்தில் இல்லை, கோப்பில் இருக்கிறது. அசைவில் சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால் கோப்பு இன்னும் பிழைக்கும்: வி.எல்.சி. வீடியோ பிளேயரில் டி எழுத்து விசையை அழுத்தி, டிஇன்டர்லேஸ் முறையில் யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுங்கள். மங்கல் நிழல் தெரிந்தால் ஏற்கெனவே கலந்தாகிவிட்டது, மீட்க முடியாது. விமர்சனத்தில் அதைக் குறிப்பிட்டு, குத்துகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் விடுங்கள். அகலமாக இழுத்த படமாக இருந்தால் ஏ விசையால் 4:3-க்குத் திருப்புங்கள். இழுத்த படத்தில் எல்லாரும் குட்டையாகவும் பருமனாகவும் தெரிவார்கள்.

வீட்டில் பதிந்த வி.ஹெச்.எஸ். நாடாவில் இன்னும் இரண்டு பொறி. டி-120 நாடாவை மெதுவான வேகத்தில் ஓட்டி ஆறு மணி நேரம் பதிவார்கள், அதை நகலுக்கு நகல் எடுப்பார்கள். நிறங்களில் முதலில் கெடுவது சிவப்பு. கசிந்து பரவி, முகத்து ரத்தம் பழுப்புக் கறையாகிவிடும். ஒலியிலோ ரெக்கார்டர் தானே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். அமைதியான கூட்டமும் கொந்தளிக்கும் கூட்டமும் காதுக்கு ஒன்றுபோல வரும். அதனால் கூட்டத்தின் சூட்டைக் காதால் அளக்காதீர்கள், முன் வரிசை உட்கார்ந்திருக்கிறதா எழுந்து நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிற்கால அதிகாரப்பூர்வ வெளியீடுகளில் உரிமைச் சிக்கலால் நுழைவுப் பாட்டை மாற்றியிருப்பார்கள். பாட்டும் கூட்டமும் ஒரே தடத்தில் பதிவானதால், பாட்டோடு கூட்டத்தின் சத்தமும் போயிருக்கும். டல்லாஸ் நிகழ்ச்சிகளில் இது பெரிய இழப்பு.

வெட்டு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க: கமென்டரி வாக்கியம் பாதியில் முறிகிறதா, ரெஃப்ரி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தாவிவிட்டாரா, வறண்ட தோள் திடீரென வியர்வையில் மின்னுகிறதா என்று பாருங்கள். வெட்டிய மேட்ச்சுக்கு "வெட்டப்பட்டது, கிடைத்தது இவ்வளவு நிமிடம்" என்று தலைப்பிலேயே போடுங்கள்.

தேதியில் அவசரம் வேண்டாம். பல வட்டாரங்களில் ஒரே இரவில் இரண்டு மூன்று வார நிகழ்ச்சிகளை எடுத்துவிடுவார்கள். பிறகு அதே நாடா ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குப் பயணம் போகும். ஆகவே பதிவான நாள், ஒவ்வொரு ஊரிலும் ஒளிபரப்பான நாள் எல்லாம் வேறு வேறு. முன் வரிசையில் அதே முகங்கள், அதே சட்டைகள் அடுத்த "வாரமும்" உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஒரே இரவு. அறிவிப்பாளர் சொல்லும் அரங்கத் தேதியைக் குறித்து, அந்த ஊர் நாளிதழின் பழைய விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள். நாடா உறையில் யாரோ எழுதியதை மட்டும் வைத்துத் தேதி போடாதீர்கள்.

கடைசியாக, நாடாக்களைக் கணினியில் ஏற்றிப் பகிரும் நண்பர்களுக்கு. நிலையங்கள் விலை உயர்ந்த இரண்டு அங்குல நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியதால் எவ்வளவோ போய்விட்டது. பல வாரங்களுக்கு இன்று மிஞ்சியிருப்பது யாரோ வீட்டில் பதிந்ததுதான். அந்தந்த ஊருக்கென்று செருகிய புரோமோ (வரும் காட்சிக்கு ஆள் கூப்பிடும் பேச்சு) மாஸ்டர் நாடாவில் இல்லாமலும் இருக்கலாம். வீட்டு நாடாவில் அது இருக்கும். ஆகவே தெளிவான துண்டைவிட மங்கலான முழு மணி நேரம் மேல். விளம்பரத்தையும் புரோமோவையும் வெட்டாதீர்கள். பூஞ்சை பிடித்த நாடாவை ரெக்கார்டரில் போடாதீர்கள், ஹெட்டும் கெடும், அடுத்த நாடாவும் கெடும். நல்ல நாடாவையும் பதிவு தொடங்கும் முன் ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள். எஸ்-வீடியோ வயர், நடுவில் டைம் பேஸ் கரெக்டர் (படத்தின் நடுக்கத்தைச் சீராக்கும் கருவி), இழப்பில்லாத ஹஃப்யுவி கோப்பாகப் பதிவு; மணிக்கு 30 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கும், பரவாயில்லை. பகிரும் நகலை நொடிக்கு 59.94 ஃபிரேமாக எடுங்கள். மூலக் கோப்பையும் நாடாவையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஏற்கெனவே எழுதிய விமர்சனங்களை அழிக்கவும் வேண்டாம். முழு நிகழ்ச்சி கிடைத்ததும் மறுபடி பார்த்து, பழைய தீர்ப்பின் கீழேயே புதியதை எழுதுங்கள். எந்த நகலைப் பார்த்தீர்கள், எத்தனை நிமிடம், எங்கே வெட்டு என்று மூன்று வரி சேர்த்தால் அடுத்து எழுத வருபவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அன்புடன்,
பழைய டெரிட்டரி நிகழ்ச்சிகளைப் பார்த்து எழுதிவரும் சிலர்