கப்பித்தான் கோயிலுக்குப் போய் வந்த பிறகு

அன்பு மகளுக்கு,

அன்று போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. கம்பத்து மக்கள், அந்தக் கிராமத்து ஜனங்கள், உன்னை அரசாங்கத்து ஆள் என்கிறார்கள், ஆபீஸில் கம்பத்து ஆள் என்கிறார்கள். உடனே எனக்குப் பதில் வரவில்லை.

நேற்று மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே நடந்து சின் சே சி யா என்ற சீனக் கோயிலுக்கும் போனேன். சின்ன வயதில் சாமி மேசைக்கு அடியில் நீ குனிந்து குனிந்து போவாயே, அதே கோயில்தான். 1864-இல் கப்பித்தான் யாப் ஆ லோய் நிறுவியது.

கப்பித்தான் சீனா, அதாவது சீனர்களின் தலைவர், என்பது வெறும் பட்டம் இல்லை, பாப்பா. சீனர்களுக்குள் வழக்கு வந்தால் தீர்ப்பதும், கலவரம் வராமல் பார்ப்பதும் அவர் பொறுப்பு. மேலே சுல்தானுக்கும் பதில் சொல்ல வேண்டும். உன்னைப் போல அவரும் நடுவில் நின்றவர்தான். 17 வயதில், 1854-இல் சீனாவிலிருந்து மலாக்காவில் வந்து இறங்கிய ஹக்கா இனத்துச் சீனப் பையன் அவர். 1868-இல் கோலாலம்பூரின் கப்பித்தான் ஆனார். சிலாங்கூர் மாநிலத்து உள்நாட்டுச் சண்டையில் 1872-இல் ஊர் கைவிட்டுப் போய் அழிந்தது. மறு வருஷம் மீட்டபோது லம்பங்களில், அதாவது ஈயச் சுரங்கங்களில், தண்ணீர் நின்றது, வேலைக்கு ஆள் இல்லை. கடன் மேல் கடன் வாங்கி ஆட்களைக் கொண்டுவந்தார். 1879-இல் ஈய விலை ஏறிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அபின், சூதாட்டக் குத்தகையிலும் அவர் சம்பாதித்தார். அது கூலிகளின் வயிற்றில் அடித்த பணம். அதை உன்னிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

1880-இல் ஆங்கிலேயர்கள் தலைமை அலுவலகத்தைக் கிள்ளானிலிருந்து இங்கே கோலாலம்பூருக்கு மாற்றினார்கள். அப்புறம் அவர் அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மாநில ஆலோசனை மன்றத்தில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். அடுத்த வருஷமே தீ, வெள்ளம். அத்தாப்பு ஓலைக் கூரை கூடாது, செங்கல் சுவரும் ஓடும் வேண்டும் என்று ஆங்கிலேய அதிகாரியான ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம் சொன்னார். யாப் ஆ லோய் முகம் சுளித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. அவர் சூளை போட்ட இடம்தான் நம் பிரிக்பீல்ட்ஸ் என்கிறார்கள். 1885-இல் இறந்தபோது வயது 48.

அந்தத் தண்ணீர்க் குழாய் மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றாயே, மறுபடி எடுத்துக்கொண்டு போ. இந்த முறை கம்பத்துப் பெரியவரையும் கூட்டிப் போ, அவரே பேசட்டும்.

அம்மா மாங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள். மூடியை டேப் போட்டுச் சுற்றியிருக்கிறேன், எண்ணெய் சிந்தாமல் திற.

உன் அப்பா