மேலதிகச் சில்லு பற்றி

மல்லாவி

அன்பின் நண்பருக்கு,

வணக்கம். உமது மகளின் திருமண அலுவல்கள் நல்லபடி ஒப்பேறியதை அறிந்து மகிழ்ந்தோம். இங்கே காலபோக விதைப்பு முடிந்து பயிர் பச்சை பிடித்து நிற்கிறது.

பொங்கலுக்கு உமது சுசூக்கி வேகன் ஆர் காரில் வருவதாக எழுதியிருந்தீர். வாரும். ஆனால், யப்பானில் இருந்து வரும்போதே அதற்கு, ரயர் காற்றுப்போனால் மாற்றும் மேலதிகச் சில்லு இல்லை, ஆகையால் அது தேவையற்றது என்று நீர் முடிவுகட்டியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நிறையைக் குறைத்து எரிபொருளை மிச்சம் பிடிக்கவும், இடத்தை மீதப்படுத்தவுமே சில்லை எடுத்துவிட்டு ஒரு போத்தல் பசையும் சிறிய காற்றுப்பம்பியும் வைக்கிறார்கள். அழைத்தவுடன் உதவி வாகனம் வரும் நாட்டுக்கு அது போதும்.

அந்தப் பசை, ரயரின் ஓடுதளத்தில் ஆணி குத்திய சிறு துளையை மாத்திரமே அடைக்கும். எங்கள் உள்வீதிகளில் ஆணியைவிடக் கல்லே எதிரி. மழை கிறவலைக் கழுவிச் சென்றபின் கற்கள் முனை நீட்டி நிற்கின்றன. 165/55 அளவு ரயரென்றால் (அகலம் 165 மில்லிமீற்றர், உயரம் அதில் 55 வீதம்) பக்கச்சுவர் ஒன்பது சென்றிமீற்றர் உயரந்தான்; பள்ளத்தில் இறங்கும்போது அது கல்லுக்கும் றிம்முக்கும் நடுவே நசிந்து பக்கவாட்டில் வெடித்துவிடுகிறது. அண்மையில் அயலவரின் மருமகனுக்கு இதுவே நேர்ந்தது. விரல் நுழையக்கூடிய பிளவு. ஏற்றிய பசையெல்லாம் வெள்ளையாகக் கிறவலில் வழிந்தது. மாங்குளத்தில் அந்த அளவில் ரயர் கிடைக்காமல் வவுனியாவுக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. யானை நடமாடும் இடமாதலால் இரவு முழுவதும் தீ மூட்டிக் காருக்குக் காவலிருந்தோம். (மாப்பிள்ளையோ உள்ளே நன்றாக உறங்கினார்.)

பாவித்த வாகனமென்றால் போத்தலின் காலாவதித் திகதியையும் ஒருமுறை பாரும். பலர் அதைத் திறந்தும் பார்ப்பதில்லை. மெலிந்த தற்காலிகச் சில்லையும் நான் விரும்பவில்லை; அதற்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டவும் கூடாது, கிறவலுக்கு அது ஒவ்வாது. நட்டுகளுக்கான நான்கு துளையும், அத்துளைகள் அமையும் வட்டம் 100 மில்லிமீற்றர் விட்டமும் கொண்ட முழு அளவுச் சில்லொன்றை வாங்கி, உருளாதபடி டிக்கியில் இறுகக் கட்டிவிடும். ஜக்கும் நட்டுச் சாவியும் கூடவே இருக்கட்டும். டிக்கியில் இடம் போய்விடுகிறதென்று வீட்டில் குறைப்பட்டால், பொதிகளை முதல்நாளே பஸ்ஸில் போட்டுவிடும். மாங்குளத்தில் நான் இறக்கிக்கொள்வேன்.

வவுனியாவில் தெரிந்த ஒருவரிடம் பாவித்த சில்லுகள் வந்திருக்கின்றன. உமது றிம் 14 அங்குலமா 15 அங்குலமா என்று ரயரின் பக்கத்தில் பார்த்து உடனே எழுதும்.

அன்புடன்,
உமது நண்பன்