பாப்பாவுக்கு, ரயில் பயணம் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். மியூனிக், வெனிஸ், ஃபுளோரன்ஸ், ரோம், வியன்னா, பிராக், திரும்ப மியூனிக். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கே தங்கல் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இதையெல்லாம் நீயே படித்துத் தெரிந்துகொண்டாய் என்று நினைக்கும்போது பெருமையாக இருந்தது. ஆனால் இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைப் போன் இப்போதெல்லாம் வருவதே இல்லை. நான் கூப்பிட்டாலும் ‘பிஸிப்பா’ என்று ஒரு வரிதான். சரி, படிப்பு இருக்கும். மெயிலில் எழுதுவதற்குக் காரணம், போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள்.

முதலில் பிராக்கை எடுத்துவிடு. பத்து நாளில் ஐந்து ஊர் என்றால் பெட்டியை அடுக்கவும் பிரிக்கவுமே நேரம் சரியாக இருக்கும். ரோமுக்குப் போய் ஒரே ராத்திரி தங்குவது எதற்கு? பிராக் மியூனிக்கிலிருந்து ஆறு மணி நேரம்தான், அடுத்த லீவில் போய்க்கொள். காசும் மிச்சம். உன் கணக்குப்படி ரயில் ஏறும் நாள் ஆறு. ஐரோப்பிய ரயில்களில் ஒரே பாஸில் போகிற இன்டர்ரெயிலில், ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தும் பாஸ் 4, 5, 7 நாள் என்றுதான் இருக்கிறது. ஆறுக்காக ஏழு வாங்க வேண்டும். பிராக்கை விட்டால் வியன்னாவிலிருந்து ரெயில்ஜெட் என்கிற வேக வண்டியில் ஏறி நாலு மணி நேரத்தில் மியூனிக் வந்துவிடலாம், 5 நாள் பாஸ் போதும். ரோம்–வியன்னா ராத்திரி வண்டிக்கு ஏறுகிற நாள் மட்டும்தான் கணக்கு, காலையில் இறங்கியபின் அன்றைக்கு வேறு வண்டி ஏறாமல் இருந்தால் சரி. மிச்சமாகும் நாட்களை ரோமுக்குக் கொடு.

பாஸ் இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதே. இத்தாலியில் ஃபிரெச்சாரோஸ்ஸா என்கிற அதிவேக வண்டிக்கு ரிசர்வேஷன் கட்டாயம், அதற்குத் தனிக் காசு. ராத்திரி வண்டிக்கும் அப்படியே. அப்புறம், ஏறுவதற்கு முன்னாலேயே போனில் பாஸ் இருக்கும் ஆப்பில் அந்த வண்டியைச் சேர்த்துவிட வேண்டும். ஏறி உட்கார்ந்த பிறகு செய்கிறேன் என்றால் பரிசோதகர் கணக்கில் நீ டிக்கெட் இல்லாத பயணி. போன் சார்ஜ் இறங்கினாலும் அதே கதிதான். பவர் பேங்க் எடுத்துக்கொள். பாஸ்போர்ட்டையும் ரெசிடென்ஸ் கார்டையும் பெட்டியில் வைக்காதே, இடுப்பில் கட்டும் பையில் வை. 2015-லிருந்து ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மன் போலீஸ் வண்டியில் ஏறிச் சோதிக்கிறார்கள். வியன்னாவிலிருந்து திரும்பும்போது கேட்பார்கள்.

இன்னொன்று. இன்டர்ரெயில் அங்கேயே வசிப்பவர்களுக்கு. இங்கிருந்து வருகிறவர்களுக்கு யூரெயில், அது வேறு பாஸ். உன்னோடு யாராவது சேர்ந்து வருவதாக இருந்தால், அவர் இந்தியாவிலிருந்து வருபவரா, அங்கேயே இருப்பவரா என்பதைப் பொறுத்து எடுக்க வேண்டும். 27 வயது வரைக்கும்தான் இளைஞர் சலுகை. உனக்குக் கிடைக்கும். வருகிறவருக்கு எத்தனை வயதோ.

ராத்திரி வண்டிதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. நைட்ஜெட் வண்டிகளில் வேறு வேறு ஊர்ப் பெட்டிகளைச் சேர்த்து ஓட்டி வழியில் பிரித்து அனுப்புவதுண்டு, நம் ஊர் ஸ்லிப் கோச் மாதிரி. வண்டியின் பெயரைப் பார்த்து ஏறாதே. பெட்டி எண்ணையும், கதவுப் பக்கம் போட்டிருக்கும் ஊரின் பெயரையும் பார்த்து ஏறு. கம்பார்ட்மென்ட் கதவை உள்ளே தாழிட்டுக்கொள். நான் ரயில்வே சர்வீஸ் முழுக்கப் பார்த்தது இதுதான்: பை போவது பெரும்பாலும் ஓடுகிற வண்டியில் இல்லை. விழுப்புரத்தில் நடுராத்திரி வண்டி நிற்கும். எல்லோரும் அசந்து தூங்குவார்கள். ஒருவன் சும்மா நடப்பது மாதிரி ஏறி, அந்தப் பக்கத்துக் கதவு வழியாகப் பையோடு இறங்கிவிடுவான். வண்டி கிளம்பிய பிறகுதான் சத்தம் கேட்கும். அதனால் வண்டி நிற்கும்போது முழித்துக்கொள். பாஸ்போர்ட் பை தலைமாட்டில் வேண்டாம், உடம்போடு இருக்கட்டும்.

நைட்ஜெட்டில் பெண்களுக்கு மட்டும் தனிக் கம்பார்ட்மென்ட் உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேட்கலாம். நீ அதை எடுக்கவில்லை. சாதாரண நாலு பெர்த் கம்பார்ட்மென்ட் என்று போட்டிருக்கிறாய். இவ்வளவு படித்தவளுக்கு அது கண்ணில் படாமல் இருந்திருக்காது.

வீட்டில் வேறு செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள். நீ தனியாகப் போகிறாய் என்று சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். நான் எதுவும் சொல்லவில்லை.

பாப்பா, வண்டியில் டிக்கெட் பரிசோதிக்கும் டிடிஇ வேலை பார்த்தவன் கண்ணுக்கு சீட் நம்பர் தப்பாது. வெனிஸ் வண்டியின் ரிசர்வேஷனைப் படம் பிடித்து அனுப்பினாயே, அதன் அடியில் இரண்டு சீட் இருக்கிறது, அடுத்தடுத்து. பெயர் இருக்கும் இடத்தை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறாய். திட்டத்தில் எல்லா இடத்திலும் ‘நான்’, ‘நான்’ என்றே எழுதியிருக்கிறாய். யார் என்று நான் கேட்கவில்லை. நீ தனியாக இல்லை என்பதில் எனக்கு ஒரு பக்கம் நிம்மதிதான். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் இன்னொருவர் டீ வாங்கப் போகலாம். ஆனால் பத்தாம் வகுப்பு மார்க் குறைந்ததைக்கூட என்னிடம்தான் முதலில் வந்து சொன்னாய். இதை வெட்டி அனுப்ப வேண்டும் என்று ஏன் தோன்றியது? அதுதான் தூக்கம் வராமல் செய்கிறது.

சித்தி விஷயத்தை மனதில் வைத்துப் பயப்படுகிறாயோ என்று நினைத்தேன். அன்றைக்குத் தாத்தா எடுத்த முடிவு தாத்தாவோடு போயிற்று. இந்த வீட்டில் இன்னொரு பெண்ணுக்கு அது நடக்க நான் விடமாட்டேன். அம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்லுவது என்பதை நாம் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளலாம். நீ படிப்பை முடிக்கிற வரைக்கும் அவசரமும் இல்லை. படிப்பை மட்டும் விட்டுவிடாதே.

மியூனிக்–வெனிஸ் வண்டியைப் பகலில் போட்டது நல்லது. அது பிரென்னர் கணவாய் வழியாகப் போகிறது. 1867-ல் திறந்த மலைப்பாதை, உச்சி கிட்டத்தட்ட 1,370 மீட்டர் உயரம். இன்ஸ்ப்ரூக் தாண்டியதும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. தங்கல் மெஸ்த்ரேயில் என்பதால் அங்கேயே இறங்கிவிடு, வெனிஸ் தீவு ஸ்டேஷன் கடல் பாலத்தைத் தாண்டி அதற்கு அடுத்தது. ரோம் தெர்மினி ஸ்டேஷனில் ஜேப்படி அதிகம். ‘உதவி செய்கிறேன்’ என்று பெட்டியைத் தொடுகிறவனிடம் பேச்சே வேண்டாம்.

பிராக்கை எடுத்துவிட்டுத் திட்டத்தைத் திருத்தி எனக்கு மட்டும் அனுப்பு. உன் நம்பருக்குக் கீழே, கூட வருகிறவருடைய போன் நம்பரையும் எழுது. உன் போன் சார்ஜ் இறங்கிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரிய வேண்டும். பெயர் போடுவது உன் விருப்பம். பாஸ்போர்ட் இடுப்புப் பையில்.

அன்புடன்,
அப்பா