நள்ளிரவு ஒரு மணிக்கு எது திறந்திருக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நியூயார்க் பயணக் கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். சுதந்திர தேவி சிலை, சென்ட்ரல் பார்க், டைம்ஸ் சதுக்கம் என்று எல்லாம் நன்றாக வந்திருந்தன. சாப்பாட்டுக்கென்றே அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஆனால் அதில் சொன்ன உணவகங்களில் பெரும்பாலானவை இரவு பத்து, பதினொன்றுக்கெல்லாம் மூடிவிடுகிறவை. புது ஊரில் ஒருவருக்கு உண்மையிலேயே வழி தெரியாமல் போவது அதற்கு அப்புறம்தான். அந்த நேரத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பாஸ்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் வழியில் நானும் கணவரும் நியூயார்க்கில் தங்கினோம். இணைப்பு விமானம் தாமதம். குடியேற்றச் சோதனை வரிசையில் நின்று, பெட்டிகளுக்காகக் காத்திருந்து வெளியே வரும்போதே ஊர் அடங்கும் நேரம். கென்னடி விமான நிலையத்திலிருந்து ஏர்டிரெய்ன் என்ற விமான நிலைய ரயிலைப் பிடித்து ஹோவர்ட் பீச் வந்து, அங்கே ‘ஏ’ ரயில் ஏறினால் நேராக மேற்கு 4ஆம் தெரு நிலையத்தில் இறங்கலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். அப்படியே செய்தோம். விடுதிக்குள் நுழையும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அங்கே சமையலறை மூடியாகிவிட்டது. கூடத்தில் இருந்த இயந்திரத்தில் சிப்ஸும் சாக்லேட்டும்தான் இருந்தன. கணவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போடுவதற்கு முன் வயிற்றுக்குள் ஏதாவது போயாக வேண்டும். வரவேற்பில் இரவுப் பணியில் இருந்த பையன் எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, கார்மைன் தெருவுக்குப் போகச் சொன்னான். “ஜோஸ் பீட்சா திறந்திருக்கும், நடந்தே போய்விடலாம்” என்றான்.

தெருவில் மற்ற கடைகள் எல்லாம் இருட்டாக இருக்க, அந்த ஒரு கடையில் மட்டும் வெளிச்சம், வாசல்வரை ஆட்கள். உட்கார்ந்து சாப்பிடும் இடம் என்று சொல்ல முடியாது. நின்றபடி சாப்பிடுகிற சின்னக் கடை. வரிசையில் எங்களுக்கு முன்னால் தோளில் கிட்டார் பெட்டி மாட்டிய ஒருவர், மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண், சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள். பக்கத்தில் மேற்கு 3ஆம் தெருவில்தான் ப்ளூ நோட் ஜாஸ் அரங்கம் இருக்கிறது. வேலை முடிந்து வருகிறவர்களும் கச்சேரி முடிந்து வருகிறவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

ஆளுக்கொரு ஸ்லைஸ், அதாவது முழு பீட்சாவில் எட்டில் ஒரு துண்டு. சுமார் பதினெட்டு அங்குல பீட்சா என்பதால் அந்தத் துண்டே காகிதத் தட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே வெந்த பீட்சாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, மறுபடி அடுப்புக்குள் கல்லின் மேல் தள்ளிச் சூடாக்கித் தந்தார்கள். முன்பக்கத்தவர் செய்ததைப் பார்த்து நாங்களும் நடுவில் மடித்துப் பிடித்துக் கடித்தோம். அடி மொறுமொறுவென்று இருந்தது. அதற்கு மேலே மெல்லிய மாவு மிருதுவாக இருந்தது. தக்காளியின் புளிப்பு தனியாகத் தெரிந்தது. சீஸ் அளவாகத்தான் இருந்தது, திகட்டவில்லை. மேலே மிளகாய்ச் செதிலும் ஓரிகானோவும் நாமே தூவிக்கொள்ளலாம். பீட்சா என்றாலே முகத்தைச் சுளிக்கும் என் கணவர் இன்னொன்று வாங்கி வரச் சொன்னார்!

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கடையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1975இல், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலிருந்து வந்த ஜோ பொசுவோலி தொடங்கியது. அந்தப் பேட்டையே ஒருகாலத்தில் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த பகுதி; அவர்களுடைய பொம்பெய் மாதா கோவில் இன்றும் அதே கார்மைன் தெருவில் இருக்கிறது.

படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. இரவுச் சாப்பாட்டுக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது இந்த ஸ்லைஸ் முறை. நேப்பிள்ஸ் பீட்சா வேறு ரகம். கிட்டத்தட்ட 485 டிகிரி செல்சியஸ் அனலில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும், உடனே சாப்பிட வேண்டும், ஆறினால் துவண்டுவிடும். அந்தக் கலையை 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, தகுதியான சிறப்புதான். நியூயார்க் ஸ்லைஸ் வேகும் அடுப்பில் அவ்வளவு அனல் கிடையாது. மெதுவாக, கூடுதல் நேரம் வேகிறது. ஈரம் குறைந்த மொசரெல்லா சீஸ் போடுகிறார்கள். அதனால் காத்திருக்கவும் தாங்கும், இரண்டாம் முறை சூடாக்கினால் அடிப்பக்கம் இன்னும் மொறுமொறுப்பாகும். கடைக்காரர் முழு பீட்சாவுக்கு ஆள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தனியாக வருகிறவருக்கும் சில நிமிடங்களில் சூடான சாப்பாடு கிடைத்துவிடுகிறது.

பழைய நிலக்கரி அடுப்புக் கடைகள் இப்படிச் செய்வதில்லை. ஜோஸ் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில், ப்ளீக்கர் தெருவில், 1929இல் தொடங்கிய ஜான்ஸ் இருக்கிறது. நல்ல பெயர் உள்ள கடை. ஆனால் அங்கே ஸ்லைஸ் கிடையாது, முழு பீட்சாதான். 1930களில் வாயு அடுப்பு வந்த பிறகுதான் சின்ன முதலீட்டில் கடை போட்டு, துண்டு துண்டாக விற்பது பரவியது. பயணக் கட்டுரைகளில் ஜான்ஸ் போன்ற கடைகளுக்கு எப்போதும் இடம் கிடைக்கிறது. ஸ்லைஸ் கடையை ஏதோ அவசரத்துக்குச் சாப்பிடும் இடமாக ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை என்று நினைக்கிறேன். அந்த விலையில், அந்த நேரத்தில், அவ்வளவு நன்றாக ஒரு பண்டத்தைச் செய்து தருவது பெரிய வேலை.

அந்த ஊரின் ரயில் இரவு முழுவதும் ஓடுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரோனா காலத்தில் 2020 மே மாதம் முதல் 2021 மே வரை மட்டும் பின்னிரவில் சேவையை நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்றபடி எந்நேரமும் யாராவது வேலைக்குப் போகிறார்கள், வேலையிலிருந்து வருகிறார்கள். அவர்களை நம்பித்தான் இந்தக் கடைகள் விழித்திருக்கின்றன. ஒரு ஸ்லைஸின் விலையும் ஒரு ரயில் பயணத்தின் கட்டணமும் ஒன்றாகவே ஏறி வருகின்றன என்று 1980இலேயே நியூயார்க் டைம்ஸில் ஒருவர் எழுதியிருக்கிறார். இப்போது ஸ்லைஸ் முந்திவிட்டது. ஆனாலும் அந்த ஊர் விலைவாசிக்கு அது மலிவுதான்.

நம் வாசகர்களுக்காக ஒரு விஷயம். சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘ப்ளெயின்’ அல்லது ‘சீஸ்’ ஸ்லைஸ் என்று கேட்டால் போதும். பெப்பரோனி என்பது இறைச்சி, பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்தது. இரண்டையும் ஒரே கத்தியால் வெட்டக்கூடும், ஒரே அடுப்பில்தான் சூடாக்குவார்கள். சில சீஸ் வகைகளில் விலங்கிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்ப்பதும் உண்டு. கண்டிப்பாக இருப்பவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆசிரியர் அவர்களே, பயணக் கட்டுரை எழுதுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். எந்த ஊரைப் பற்றி எழுதினாலும், நள்ளிரவுக்குப் பின் சூடாகச் சாப்பிட எங்கே போகலாம், நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், பெண்கள் தயங்காமல் போகலாமா என்பதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். மதுரைக்குப் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. எந்நேரமும் ஏதாவது ஒரு கடையில் இட்லி வெந்துகொண்டிருக்கும். மற்ற ஊர்களில் யாரைக் கேட்பது? கொல்கத்தாவிலும் ஹைதராபாத்திலும் இரவு ரயிலில் போய் இறங்கி, பசியோடு நிலைய வாசலில் நின்ற அனுபவம் நம் வாசகர்களில் எத்தனையோ பேருக்கு இருக்கும். அங்கே அவர்கள் கண்டுபிடித்த கடைகளை எழுதி அனுப்பச் சொல்லி ஒரு பகுதியே தொடங்கலாம். கடை பெரியதா சிறியதா என்று பார்க்க வேண்டாம். தெருவின் பெயரும், மூடும் நேரமும், அங்கே எது நன்றாக இருக்கும் என்பதும் இருந்தால் போதும்.

அப்படி ஒரு பகுதி தொடங்கினால், திருச்சி மத்தியப் பேருந்து நிலையம் பக்கம் பின்னிரவில் எங்கே போகலாம் என்று முதல் ஆளாக நானே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
வாசகி ஒருவர்,
திருச்சி