அது வெறும் வெள்ளைக்கண்ணி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளி பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் வாசித்தோம். 'உலக முடிவு' என்கிற செங்குத்துப் பாறை, மரை, சிறுத்தை எல்லாம் இருந்தன. பூங்கொத்தில் தொங்கிய பச்சைக் குருவியின் படத்துக்குக் கீழே மட்டும் 'வெள்ளைக்கண்ணி' என்று ஒரே சொல். அது இலங்கை வெள்ளைக்கண்ணி. இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு மிகவும் வருத்தம்.

நம் நாட்டில் இரண்டு வெள்ளைக்கண்ணிகள் உண்டு. இந்தியாவிலும் இருப்பது ஒன்று, அது இளம்பச்சை. மலைநாட்டு வகையான இலங்கை வெள்ளைக்கண்ணிக்கு முதுகு கரும்பச்சை, உருவமும் கொஞ்சம் பெரிது. ஒன்றிலிருந்து மற்றது பிரிந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால், இரண்டும் இந்தத் தீவுக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தவை என்று 2017இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மலைக்காரிதான் மூத்தவள். வெள்ளைக்கண்ணி இனத்திலேயே மிகப் பழைய கிளை அவளுடையது.

காலையில் எங்கள் வேலிப்பக்கம் ஒரு கூட்டம் வரும். முதலில் கீச்சுக் குரல்தான் கேட்கும். அப்புறம் இலைகள் ஆடும். ஒன்று தலைகீழாகத் தொங்கிப் பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்துவிட்டு நிமிரும்போது, நெற்றியில் மகரந்தம் ஒட்டியிருக்கும். அந்த வெள்ளை வளையக் கண்ணால் ஒருமுறை பார்க்கும், பறந்துவிடும்.

கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டியது போக, மிஞ்சிய காடு பெரும்பாலும் மலைத்தலையில்தான் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியிலேயே எத்தனையோ மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. வெப்பம் கூடினால் குளிரில் வாழும் பறவைகள் மேலே ஏறிப் போகும் என்கிறார்கள். இங்கே மேலே என்றால் எங்கே? நாட்டிலேயே உயர்ந்த பீதுருதலாகாலையே 2524 மீற்றர்தான். அதற்கு மேல் ஆகாயம்.

இன்றைக்கு இந்தக் குருவிக்கு உடனடி ஆபத்து இல்லை, சரி. கூட்டமாகக் கண்ணெதிரே இருக்கும்போதே பேசுவோம் என்றுதான் எழுதுகிறேன். தேசியப் பறவை காட்டுக்கோழி என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். தினமும் வேலிக்கு வரும் இந்தப் பறவையின் பெயர் தெரியாது. சிறுவர் பக்கத்தில் இரண்டு வெள்ளைக்கண்ணிகளின் படங்களையும் அருகருகே போடுங்கள். எங்கள் வீட்டுச் சின்னவனுக்கு வெட்டி ஒட்டி வைக்க ஒரு கொப்பி தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகி, நுவரெலியா