உண்மைக் கதைதான், ஆனா யாரோட உண்மை?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல பழைய அமெரிக்க ரேடியோ நாடகங்கள் பத்தின கட்டுரைல ‘டிராக்நெட்’டுக்கு ஒரே ஒரு பத்திதான் குடுத்திருக்கீங்க, அதுவும் விறுவிறுப்பான துப்பறியும் தொடர்னு சொல்லி முடிச்சுட்டீங்க. விறுவிறுப்பா? அதுல வர்ற லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரங்க சார்ஜண்ட் ஜோ ஃப்ரைடேயும் பென் ரொமேரோவும் பாதி நேரம் பழைய ஃபைலைப் புரட்டுவாங்க, போனைப் போட்டுட்டு பதிலுக்காக உக்காந்திருப்பாங்க, வீடு வீடா ஏறி இறங்கி ஒண்ணும் கிடைக்காம திரும்புவாங்க. எனக்கு அதுதாங்க பிடிச்சதே.

இந்தத் தொடரை உருவாக்கி ஃப்ரைடேயா நடிச்சவர் ஜாக் வெப். 1948-ல ஒரு சினிமால சின்ன ரோல்ல நடிச்சப்போ, அங்க ஆலோசகரா வந்த மார்ட்டி வின்ங்கிற லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் சார்ஜண்ட்கிட்ட பேசப்போய்தான் அவருக்கு நிஜ கேஸ் ஃபைலை வச்சே நாடகம் போடுற ஐடியா வந்துச்சு, 1949 ஜூன்ல என்பிசிங்கிற அமெரிக்க ரேடியோ நிறுவனத்துல ஆரம்பிச்சு 1957 வரைக்கும் ரேடியோல ஓடுச்சு. ஒவ்வொரு வாரமும் இன்னைக்கு என்ன கிழமை, வெயிலா குளிரா, எந்தப் பிரிவுல எந்த ஷிப்ட்னு சலிப்பான குரல்லதான் தொடங்கும். போலீஸ் ஆபீஸ் இருந்த சிட்டி ஹால்ல ஒரு ரூம்லேந்து இன்னொரு ரூமுக்கு எத்தனை அடின்னு எண்ணிப் பாத்து அதே கணக்குல காலடிச் சத்தம் போட்டாங்கன்னு சொல்வாங்க, கேட்டா நம்பத்தான் தோணுது.

1949 கிறிஸ்துமஸுக்கு வந்த எபிசோடை மட்டுமாவது கேளுங்க. பையனுக்குப் பரிசா வாங்கி ஒளிச்சு வச்ச .22 ரைஃபிள், பையன் அதை முன்னாடியே எடுத்துடுறான், கடைசில ஒரு குழந்தை செத்துப்போகுது. வில்லன்னு யாருமே கிடையாது, கைது பண்ணவும் ஆள் இல்ல. பண்டிகை வாரத்துல இப்படி ஒண்ணைப் போட தைரியம் வேணும்.

ஆனா நீங்க “முழுக்க உண்மை”ன்னு எழுதினதுல எனக்கு உடன்பாடு இல்ல. கேஸ் குடுத்தது போலீஸ், ஸ்கிரிப்டைப் பாத்து சரி சொன்னதும் போலீஸ், அப்புறம் தங்களைப் பத்தி மட்டமாவா எழுத விடுவாங்க? 1951 டிசம்பர்ல ரொமேரோவா நடிச்ச பார்ட்டன் யார்பரோ இறந்துட்டார், அந்த சாவையே கதைக்குள்ள கொண்டுவந்தாங்க. அதே மாசம் கிறிஸ்துமஸ் அன்னைக்கு அதே லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ், பிடிச்சு வச்சிருந்த ஏழு பேரை அடி பின்னி எடுத்தாங்க, அதுல அஞ்சு பேர் மெக்சிக வம்சாவளி. விஷயம் வெளில வந்து போலீஸ்காரங்க மேலயே கேஸ் நடந்து அஞ்சு பேருக்கு தண்டனையும் ஆச்சு. நாடகத்தோட கடைசில குற்றவாளிக்கு என்ன தீர்ப்புன்னு தவறாம வாசிப்பாங்களே, இந்தத் தீர்ப்பை ஃப்ரைடே வாயால கேக்க முடியுமா?

அடுத்த இதழ்ல ரெண்டாம் பாகம் வருதுன்னு போட்டிருக்கீங்க, அதுல இந்தப் பக்கத்தையும் சேத்து எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகர்