விசில் ஊதும் சாருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும்

புதுச்சேரிக்குச் சுற்றுலாவாகப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

நான் அரியாங்குப்பத்துக்காரன். பாரதி பூங்கா பக்கம் வேலையாக வந்தால் பக்கத்திலிருக்கும் அருங்காட்சியகத்துக்குள் ஒரு நடை போய்வருவது என் வழக்கம். போன தை மாதம் போனபோது உங்களில் ஒருவர் கழுத்தில் விசிலோடு நின்றிருந்தார். ஐம்பது அறுபது பிள்ளைகள் இருக்கும். "தொடாதே, நிக்காதே, முன்னாடி போ." சோழர் காலச் செப்புத் திருமேனிகளை ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் படுத்ததாகச் சொல்லும் கட்டிலைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும், அந்தக் காலத்தில் ரோமோடு வணிகம் நடந்த துறைமுகமான அரிக்கமேட்டின் மணிகள் இருந்த கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "சார், இவ்ளோ சின்ன மணியில எப்படி ஓட்டை போட்டாங்க?" என்றாள். பதிலுக்கு விசில்தான் வந்தது. பதினைந்து நிமிடத்தில் பஸ் கிளம்பிவிட்டது.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரே நாளில் கடற்கரை, தாவரவியல் பூங்கா, ஆரோவில், சுண்ணாம்பாறு படகு என்று அட்டவணை போட்டால் யாராயிருந்தாலும் விசில்தான் ஊதுவார்கள். ஆனால் உங்கள் பஸ் படகுத்துறைக்குக் கடலூர் சாலையில்தானே போகிறது? வழியில் அரியாங்குப்பத்தில் திரும்பினால் காக்காயந்தோப்பு, ஆற்றங்கரையில் அரிக்கமேடு. காலையில் கண்ணாடிக்குள் பார்த்த மணி எந்த மண்ணிலிருந்து வந்ததோ, அதே மண்ணில் மதியம் பிள்ளைகள் நிற்கலாம்.

அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள். உண்மைதான், மாந்தோப்பும் இடிந்த செங்கல் சுவர்களும்தான். அந்தச் சுவர்கூட ரோமானியர் கட்டியதல்ல, 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது. அதனால்தான் அருங்காட்சியகத்தை முதலில் பார்க்கச் சொல்கிறேன். வரிவரியாக வட்டம் ஓடும் பானைத் துண்டையும், இத்தாலியிலிருந்து மது வந்த ஜாடியின் கைப்பிடியையும் கண்ணில் வாங்கிக்கொண்டு போனால்தான் அந்த மேடு பேசும்.

பிள்ளைகளுக்கு ஒரு கதையும் சொல்லலாம். 1930-களில் இந்த ஊர்ப் பிள்ளைகள் இங்கே கிடந்த மணிகளைப் பொறுக்கி விளையாடினார்கள். அவர்களிடமிருந்து சிலவற்றை வாங்கிப் பார்த்த ஜூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், ஒரு கல்லில் இருந்த முகத்தை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று நினைத்தார். அப்புறம் 1944-ல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்து அலமாரி ஒன்றில் ரோமானிய ஜாடித் துண்டைப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று விசாரித்து, அடுத்த வருடமே மண்வெட்டியோடு இங்கே வந்துவிட்டார். அந்த அலமாரியை அவரும் விசில் சத்தத்துக்குப் பயந்து கடந்துபோயிருந்தால் எங்கள் மேடு இன்னும் எத்தனை வருடம் தோப்பாகவே கிடந்திருக்குமோ!

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். பூங்காவையோ ஆரோவிலையோ விட்டுவிட்டு அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள். பலகையில் இருப்பதை நோட்டில் எழுதச் சொல்லாதீர்கள். இருபது இருபது பேராக உள்ளே அனுப்பி, ஆளுக்கு ஒரு பொருளின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்கவிடுங்கள். திங்கட்கிழமை மட்டும் வராதீர்கள், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. புளிசாதத்தை மாமர நிழலில் வைத்துச் சாப்பிடலாம், இலையையும் பாட்டிலையும் திரும்ப எடுத்துப்போனால் சரி. மழை பெய்து மணி ஏதும் மேலே தெரிந்தால் பார்க்கட்டும், பைக்குள் போடவேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட இடம்.

அந்தப் பெண் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய சார் இதைப் படித்தால் வகுப்பில் சொல்லிவிடுங்கள்: அந்தக் கண்ணாடி மணியில் யாரும் ஓட்டை போடவில்லை. உருகிய கண்ணாடியை உள்ளே வெற்றிடம் இருக்கும்படி நீளக் குழலாக இழுத்து, ஆறியபின் பொடிப்பொடியாக நறுக்கினார்கள். முனை மழுங்க மறுபடி சூடு காட்டினார்கள். ஓட்டை குழலோடேயே வந்துவிட்டது.